கோர்ட்டுக்குப் பணம் இல்லை என்றால் யாருக்கு நஷ்டம்? கலிஃபோர்னியா நீதிமன்ற நிதியும் வழக்கறிஞர் சங்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் வாழும் தமிழர்களில் பலருக்குக் கோர்ட் என்றால் டிராஃபிக் டிக்கெட்தான். திடீரென்று ஒரு நாள் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார். அல்லது ஒரு விவாகரத்து, குழந்தை யாரிடம் இருப்பது என்ற சண்டை. அப்போதுதான் தெரிகிறது, கவுன்ட்டர் மதியமே மூடிவிடுகிறது, ஃபோனை எடுக்க ஆள் இல்லை, வாய்தா பல மாதம் தள்ளிப் போகிறது என்று. ஏன் என்று கேட்டால் "பட்ஜெட்" என்பார்கள். அந்தப் பட்ஜெட் எங்கிருந்து வருகிறது, வெட்டினால் யார் தலையில் விழுகிறது, அதில் உள்ளூர் வழக்கறிஞர் சங்கங்கள் ஏன் இவ்வளவு சத்தம் போடுகின்றன என்று பலரும் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

மாநில நீதிமன்றம் எது, ஃபெடரல் நீதிமன்றம் எது?

விசா, கிரீன் கார்டு, திவால் மனு ஆகியவை ஃபெடரல் அரசின் கீழ் வருபவை. வாடகை, விபத்து, கடன், உயில், விவாகரத்து, குழந்தைப் பராமரிப்பு, திருட்டு, கொலை என்று மற்ற ஏறக்குறைய எல்லாமே மாநில நீதிமன்றத்துக்குத்தான் போகும். கலிஃபோர்னியாவில் 58 கவுண்ட்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி), ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். சான் ஹோஸேயில் இருப்பவருக்கு சான்டா கிளாரா கவுண்ட்டி சுப்பீரியர் கோர்ட், ஃப்ரீமான்ட்டில் இருப்பவருக்கு அலமீடா கவுண்ட்டி. டிவியில் தலைப்புச் செய்தியாவது வாஷிங்டன் உச்ச நீதிமன்றம். நம் வாழ்க்கையில் கைவைப்பது இந்தக் கவுண்ட்டி கோர்ட்.

இந்தக் கோர்ட்டுகளுக்குப் பணம் யார் தருகிறார்கள்?

1997 வரை பெரும் சுமை கவுண்ட்டிகள் மேல் இருந்தது. பணக்காரக் கவுண்ட்டியில் கோர்ட் நன்றாக நடக்கும், ஏழைக் கவுண்ட்டியில் திண்டாடும். ஒரே மாநிலம், ஒரே சட்டம், ஆனால் எந்த ஊரில் குடியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு நீதி. இதைச் சரிசெய்யத்தான் 1997-இல் லாக்யர்-ஐசன்பர்க் சட்டம் வந்தது. விசாரணை நீதிமன்றங்களின் செலவை மாநில அரசே ஏற்றுக்கொண்டது. 2002-இல் வந்த இன்னொரு சட்டம் கோர்ட் கட்டடங்களையும் கவுண்ட்டிகளிடமிருந்து மாநிலத்துக்கு மாற்ற வழிசெய்தது.

நல்ல நோக்கம்தான். ஆனால் அதோடு ஓர் ஆபத்தும் வந்தது. 58 கோர்ட்டுகளும் ஒரே உண்டியலை நம்பி இருக்கின்றன. மாநிலத் தலைநகர் சாக்ரமென்ட்டோவில் பற்றாக்குறை வந்தால் மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் அடி விழும். கலிஃபோர்னியாவின் வருமானமோ பணக்காரர்களின் வருமான வரியை, அதிலும் பங்குச்சந்தை லாபத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறது. சந்தை சரிந்தால் வரி சரியும், வரி சரிந்தால் கோர்ட்.

பணத்தைப் பங்கிடுவது ஜுடிஷியல் கவுன்சில் என்ற அமைப்பு. மாநிலத் தலைமை நீதிபதிதான் அதற்குத் தலைவர். கோர்ட்டுகள் தாங்களாக வரி போட முடியாது. ஆளுநரும் சட்டமன்றமும் தருவதுதான். நீதித்துறைக்கென்று போவது மாநிலப் பொது நிதியில் ஒன்றிரண்டு சதவீதம். மூன்று அரசுத் தூண்களில் ஒன்றுக்கு இவ்வளவுதான் என்று ஒவ்வொரு வருடமும் தலைமை நீதிபதிகள் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

2008-க்குப் பிறகு உண்மையில் என்ன நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இன்றைக்கு நாம் பார்க்கும் கோர்ட், அந்த ஐந்தாறு வருடங்களில் உருக்குலைந்து வந்த கோர்ட்.

2009 செப்டம்பர் முதல் மாதத்துக்கு ஒரு நாள், மூன்றாவது புதன்கிழமை, மாநிலம் முழுவதும் கோர்ட்டுகளை மூடினார்கள். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமும் அதற்கு விலக்கல்ல. 2010 கோடை வரை இது நடந்தது. அதுவே பெரிய அதிர்ச்சியாகப் பேசப்பட்டது. ஆனால் அது ஆரம்பம்தான்.

2011-12 நிதியாண்டில் நீதித்துறைக்கு 35 கோடி டாலர் வெட்டு. அந்த ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோ சுப்பீரியர் கோர்ட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்த நீதிபதி கேத்தரின் ஃபைன்ஸ்டைன் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தவர்களுக்கு அது மறக்காது. 480 ஊழியர்களில் 200 பேருக்கு வேலை போகும், 63 கோர்ட் அறைகளில் 25 மூடப்படும். டிராஃபிக் டிக்கெட் கட்டப் பல மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டிவரும், விவாகரத்து முடிய ஒன்றரை வருடம் ஆகும், சிவில் வழக்கு விசாரணைக்கு வர ஐந்து வருடம் ஆகும் என்று அவரே சொன்னார். பிறகு மாநில நீதித்துறை நிர்வாகத்திடமிருந்து கடன் கிடைத்ததால் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒரு கோர்ட் தன் சம்பளப் பட்டுவாடாவுக்குக் கடன் வாங்கும் நிலைக்கு வந்தது என்பதை நாம் சுலபமாகக் கடந்துவிடக் கூடாது.

ஃப்ரெஸ்னோ கவுண்ட்டியில் 2012-இல் கிளோவிஸ், கோலிங்கா, ஃபயர்பா, கிங்ஸ்பர்க், ரீட்லி, சேங்கர், செல்மா ஆகிய ஏழு ஊர்களின் கிளை நீதிமன்றங்களை இழுத்து மூடினார்கள். அவற்றில் பெரும்பாலானவை விவசாயக் கூலிகள் வாழும் ஊர்கள். பலரிடம் கார் கிடையாது, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. சான் ஹோக்கின் கவுண்ட்டியில் சிறு தொகை வழக்குகளுக்குச் சில காலம் விசாரணைத் தேதியே தரவில்லை. மனுவை வாங்கிக்கொள்வார்கள், தேதிதான் கிடையாது. சான் பெர்னார்டினோ கவுண்ட்டியின் கிழக்கு ஓரத்தில், அரிசோனா எல்லையில் நீடில்ஸ் என்று ஒரு சிறிய ஊர். அங்கே கோர்ட் மூடப்பட்ட பிறகு கவுண்ட்டித் தலைநகருக்குப் பாலைவனத்தின் குறுக்கே மூன்று மணி நேரத்துக்கும் மேல் கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கணவன் அடிக்கிறான், நெருங்கக் கூடாது என்று தடை உத்தரவு வேண்டும் என்று ஒரு பெண் கிளம்புகிறாள் என்று வையுங்கள். அந்த மூன்று மணி நேரம் அவளுக்கு என்ன?

எல்லாவற்றிலும் பெரிய அடி லாஸ் ஏஞ்சலஸில். 2013-இல் வட்டார நீதிமன்றங்களில் எட்டை மூட முடிவெடுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பணியிடங்கள் போயின. குடியிருப்பவரை வீட்டைவிட்டு வெளியேற்றும் வழக்குகள் அதுவரை 26 இடங்களில் நடந்தன. அவற்றை ஐந்தே இடங்களுக்குச் சுருக்கினார்கள். அந்த வழக்கில் நோட்டீஸ் கிடைத்தவர் பதில் மனு போட அப்போது இருந்த அவகாசம் ஐந்தே நாள் (2025 முதல்தான் அது பத்து வேலைநாள் ஆனது). ஐந்து நாளுக்குள் படிவத்தைப் புரிந்துகொண்டு, நிரப்பி, இரண்டு மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர வேண்டும். போகவில்லை என்றால் வழக்கே நடக்காமல் தீர்ப்பு. வாடகைதாரர்களுக்காக வாதாடும் அமைப்புகள் இதை எதிர்த்து ஃபெடரல் கோர்ட்டுக்குப் போயின. மாநில நீதிமன்றம் தன் நிர்வாகத்தை எப்படி நடத்துகிறது என்பதில் தலையிட மாட்டோம் என்று 2015-இல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் கையை விரித்துவிட்டது.

கோர்ட்டுகள் சேமித்து வைத்திருக்கக் கூடாதா?

வைத்திருந்தார்கள். அதுதான் வேதனை. சிக்கனமாக நடத்தி மிச்சம் பிடித்த கோர்ட்டுகளின் கையிருப்பை 2012-இல் சட்டமன்றம் கணக்குப் பார்த்தது. 2014 ஜூனுக்குப் பிறகு வருடச் செலவில் ஒரு சதவீதத்துக்கு மேல் கையிருப்பு வைக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். ஒரு சதவீதம் என்றால் நாலு நாள் செலவுகூட இல்லை. பிற்பாடு அதை மூன்று சதவீதம் ஆக்கினார்கள்.

கட்டட நிதியின் கதையும் இப்படித்தான். 2008-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, அபராதங்களையும் கோர்ட் கட்டணங்களையும் உயர்த்தி, அந்தப் பணத்தில் 500 கோடி டாலர் வரை கடன்பத்திரம் வெளியிட்டுப் பழைய, பூகம்பம் தாங்காத கோர்ட் கட்டடங்களை மாற்றுவோம் என்றார்கள். வழக்காடிகளும் டிக்கெட் வாங்கியவர்களும் கூடுதல் பணத்தைக் கட்டினார்கள். அதில் நூறு கோடி டாலருக்கும் மேல் வேறு பற்றாக்குறைகளை அடைக்கப் போய்விட்டது. கட்டடம் என்று சொல்லி வாங்கிய காசு அது.

பட்ஜெட்டை வெட்டினால் கொலை வழக்கு, திருட்டு வழக்கும் நிற்குமா?

நிற்காது, நிறுத்தவும் முடியாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு விரைவான விசாரணை அரசியலமைப்பு தந்த உரிமை. பெரிய குற்ற வழக்கில், அவர் அவகாசம் கேட்காதவரை, குற்றச்சாட்டுப் பதிவிலிருந்து 60 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும். தவறினால் வழக்கே தள்ளுபடி ஆகலாம். அதனால் எத்தனை பேரை வேலையைவிட்டு அனுப்பினாலும் கிரிமினல் பக்கத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

அப்படியானால் வெட்டு எங்கே விழும்? சிவில், குடும்பம், உயில், சிறு தொகை வழக்கு ஆகியவற்றின் மேல்தான். அங்கேதான் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் அதிகம். கிரிமினல் வழக்கில் அரசே ஒரு வக்கீலைத் தரும். வீட்டைக் காலிசெய்யும் வழக்கிலும் குழந்தை வழக்கிலும் பொதுவாகத் தராது. (2009-இல் வந்த ஷ்ரைவர் சட்டம் சில கவுண்ட்டிகளில் மட்டும் இதற்கு ஒரு சிறிய ஏற்பாடு செய்திருக்கிறது.) ஒரு கம்பெனிக்கு வழக்கு தாமதமானால் பெரிய சங்கடம் இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதியைத் தனியாகப் பணம் கொடுத்து அமர்த்தித் தீர்த்துக்கொள்ள இங்கே வழி இருக்கிறது, அதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. விபத்தில் கால் போனவர் அப்படிச் செய்ய முடியாது. காத்திருக்க முடியாமல், கிடைத்ததை வாங்கிக்கொண்டு சமரசத்துக்குக் கையெழுத்துப் போடுவார். சிவில் வழக்கை ஐந்து வருடத்துக்குள் விசாரணைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் சாட்சிகள் ஊர் மாறிவிடுவார்கள், சிலர் இறந்தும் போவார்கள்.

கோர்ட்டில் பேசுவதை டைப் செய்பவர் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்?

கேட்கச் சின்ன விஷயம். இந்தப் பக்கத்தில் இருப்பவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

கோர்ட் ரிப்போர்ட்டர் என்பவர் விசாரணையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் சுருக்கெழுத்து இயந்திரத்தில் பதிவுசெய்பவர். அவர் எடுத்த பதிவுதான் மேல்முறையீட்டின் அடிப்படை. கீழ்க்கோர்ட்டில் என்ன நடந்தது என்று காட்டப் பதிவு இல்லை என்றால், மேல் கோர்ட் "கீழ்க்கோர்ட் சொன்னது சரி" என்று எடுத்துக்கொள்ளும். வெட்டு வந்த வருடங்களில் பல கவுண்ட்டிகள் சிவில் வழக்குகளுக்கு ரிப்போர்ட்டரை நிறுத்திவிட்டன. வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சில நாள் விசாரணைக்கே ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும்.

ஜேம்சன் எதிர் டெஸ்டா என்ற வழக்கு இதைக் கண்ணுக்கு நேராகக் காட்டியது. சான் டியேகோவில் ஒரு கைதி, சிறையில் தந்த சிகிச்சையில் தவறு நடந்தது என்று மருத்துவர் மேல் வழக்குப் போட்டார். வக்கீல் இல்லை, தானே வாதாடினார். ஏழை என்பதால் கோர்ட் கட்டணம் தள்ளுபடி. ஆனால் ரிப்போர்ட்டர் தரமாட்டோம், அது எங்கள் கொள்கை என்றது கோர்ட். அவர் ஆரம்ப உரையை முடித்ததும் வழக்கு தள்ளுபடி. மேல்முறையீடு போனார். பதிவு இல்லையே, நாங்கள் எதைப் பார்ப்பது என்று அங்கேயும் தோல்வி. 2018 ஜூலையில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. கட்டண விலக்கு பெற்றவர் கேட்டால், விசாரணையை முறையாகப் பதிவுசெய்ய இலவசமாக ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு. காசில்லாதவருக்கு மேல்முறையீட்டுக் கதவை ஒரு பட்ஜெட் முடிவு சாத்திவிட்டது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

பிரச்சினை அதோடு தீரவில்லை. இப்போது பணம் இருந்தாலும் ஆள் கிடைப்பதில்லை. ரிப்போர்ட்டர் வேலைக்குப் படித்து வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒலிப்பதிவு செய்யலாமே என்றால், பெரும்பாலான சிவில், குடும்ப வழக்குகளில் மின்னணுப் பதிவுக்குச் சட்டமே தடை. 2024-இல் லாஸ் ஏஞ்சலஸ் சுப்பீரியர் கோர்ட், அடிப்படை உரிமைகள் சம்பந்தப்பட்ட சில வழக்குகளில் ஆள் கிடைக்காதபோது ஒலிப்பதிவை அனுமதித்து உத்தரவு போட்டது. என் கருத்தில் அது சரியான முடிவு. ரிப்போர்ட்டர்களின் வேலைப் பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானதுதான், ஆனால் குழந்தை யாரிடம் போகிறது என்று முடிவாகும் விசாரணைக்கு எந்தப் பதிவுமே இல்லாமல் போவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

நீதித்துறை தரப்பிலும் தப்பு உண்டா?

உண்டு. மறைக்கத் தேவையில்லை. 58 கோர்ட்டுகளுக்கும் ஒரே கணினி அமைப்பு என்று ஆரம்பித்த வழக்கு மேலாண்மைத் திட்டம் வருடக்கணக்கில் இழுத்தது. சுமார் 50 கோடி டாலர் செலவான பிறகு, 2012 மார்ச்சில் ஜுடிஷியல் கவுன்சிலே அதைக் கைவிட்டது. முழுக்க முடிக்க 190 கோடி ஆகும் என்று மாநிலத் தணிக்கையாளர் 2011-இல் கணக்குச் சொல்லியிருந்தார். கிளை நீதிமன்றங்கள் மூடப்படும் அதே சமயத்தில் இது நடந்ததால் நீதிபதிகளுக்குள்ளேயே கோபம் வெடித்தது. அதிகாரம் மையத்தில் குவிந்துவிட்டது என்று நீதிபதிகளில் ஒரு பிரிவினர் தனிச் சங்கமே வைத்துப் போராடினார்கள். கோர்ட்டுக்குப் பணம் கேட்கும்போது இந்தக் கதையை எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும். அதற்கு என் பதில், தணிக்கையைக் கடுமையாக்குங்கள் என்பதுதான். ரீட்லியிலும் செல்மாவிலும் இருப்பவர்கள் அந்தக் கணினியை வாங்கச் சொல்லவில்லை.

அபராதத்தையும் கட்டணத்தையும் கூட்டி கோர்ட் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளலாமே?

தீயணைப்பு நிலையத்தை, தீப்பிடித்த வீட்டுக்காரர்களிடம் மட்டும் வசூல் செய்து நடத்த முடியுமா? அதே கதைதான்.

ஏற்கெனவே நிறைய கூட்டிவிட்டார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டினால் அடிப்படை அபராதம் 100 டாலர்தான். அதன்மேல் மாநிலக் கூடுதல், கவுண்ட்டிக் கூடுதல், கட்டட நிதி, கோர்ட் பாதுகாப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கையில் வரும் சீட்டு 500 டாலரை நெருங்கும். இதைக் கட்ட முடியாதவர்களின் டிரைவிங் லைசென்ஸை முடக்கினார்கள். லைசென்ஸ் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, வேலை இல்லாமல் அபராதம் கட்ட முடியாது. 2017-இல் அபராதம் கட்டாததற்காக லைசென்ஸை முடக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. 2021, 2022-இல் குற்ற வழக்குகளில் வசூலித்த நிர்வாகக் கட்டணங்கள் பலவற்றையும் ரத்து செய்தார்கள்.

கோர்ட்டை வசூல் மையமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு மிசோரியின் ஃபெர்குசன் நகரம் இருக்கிறது. 2014-இல் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஃபெடரல் நீதித்துறை அமைச்சகம் அங்கே விசாரித்து 2015 மார்ச்சில் அறிக்கை தந்தது. நகரம் தன் பொது வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அபராதத்திலிருந்து எதிர்பார்த்திருந்தது. போலீஸும் நகர நீதிமன்றமும் அந்த இலக்கை நோக்கியே ஓடின, அதன் பாரம் கறுப்பின மக்கள் மேல் விழுந்தது. தீர்ப்புச் சொல்பவரின் சம்பளம் தீர்ப்பில் வரும் அபராதத்தைப் பொறுத்தது என்றால், அந்தத் தீர்ப்பை யார் நம்புவார்கள்?

வழக்கறிஞர் சங்கம் என்று இங்கே எதைச் சொல்கிறார்கள்?

இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்டேட் பார் ஆஃப் கலிஃபோர்னியா என்பது உரிமம் தரும், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அரசு அமைப்பு. வக்கீலாக இருக்க வேண்டுமென்றால் அதில் இருந்தே ஆக வேண்டும். கட்டாயச் சந்தா வாங்குவதால் அரசியல் கருத்துகளுக்கு அந்தப் பணத்தை இஷ்டப்படி செலவழிக்க முடியாது என்று 1990-இல் கெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018-இல் அதன் தொழில்சார் பிரிவுகள் பிரிந்து கலிஃபோர்னியா லாயர்ஸ் அசோசியேஷன் என்ற தனி அமைப்பானது.

இரண்டாவது வகை, வக்கீல்கள் விரும்பிச் சேரும் உள்ளூர்ச் சங்கங்கள். சான் ஃபிரான்சிஸ்கோ சங்கம் 1872-இல் தொடங்கியது, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்ட்டி சங்கம் 1878-இல். தெற்காசிய வக்கீல்களுக்கும் வட கலிஃபோர்னியாவிலும் தென் கலிஃபோர்னியாவிலும் தனித்தனிச் சங்கங்கள் இருக்கின்றன. பட்ஜெட்டுக்காகச் சத்தம் போடுவது இந்த வகைதான்.

நம்மூரில் வக்கீல் சங்கம் என்றதும் கோர்ட் புறக்கணிப்பு ஞாபகம் வரும். இங்கே வெட்டு வந்தபோது அவர்கள் செய்தது வேறு மாதிரி. சட்டமன்ற உறுப்பினர்களை நேரில் போய்ப் பார்த்தார்கள். பொதுவாக நேர் எதிரே நின்று மோதும் வாதித் தரப்பு வக்கீல்களும் கம்பெனி வக்கீல்களும் ஒன்றாகச் சேர்ந்து 2012-இல் திறந்த நீதிமன்றங்களுக்கான கூட்டணியை உருவாக்கினார்கள். உறுப்பினர்கள் சம்பளமில்லாமல் தற்காலிக நீதிபதிகளாக உட்கார்ந்து டிராஃபிக், சிறு தொகை வழக்குகளைப் பார்க்கிறார்கள். சமரசப் பேச்சுக்கு நேரம் தருகிறார்கள்.

வக்கீல்களுக்கு வழக்கு நடந்தால்தானே வருமானம்? இது சுயநலம் இல்லையா?

கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வழக்கு முடிந்தால்தான் பணம் பார்க்கும் விபத்து வழக்கு வக்கீலுக்குத் தாமதம் நேரடி நஷ்டம். அதனால் அவர் கேட்பது தவறாகிவிடாது. கோர்ட்டுக்கு ஓட்டுப் போடும் கூட்டம் கிடையாது. பள்ளிக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் இருக்கிறார்கள். கோர்ட்டுக்கு வந்துபோகிறவர்கள் யாரும் திரும்பி வந்து அதற்காகக் கொடி பிடிப்பதில்லை. தினமும் அங்கே நிற்பவர்கள் வக்கீல்கள் மட்டும்தான். அவர்கள் பேசவில்லை என்றால் பேச ஆள் இல்லை.

ஒன்று மட்டும் சங்கங்களிடம் கேட்க வேண்டும். பெரிய சிவில் வழக்குகளின் அறைகளுக்காகப் பேசும் அதே வேகத்தில், கவுன்ட்டரில் நிற்கும் குமாஸ்தாவுக்காகவும், வக்கீல் இல்லாதவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவும் சுய உதவி மையத்துக்காகவும் பேச வேண்டும். எல்லாச் சங்கங்களும் அப்படிப் பேசியதாகச் சொல்ல முடியாது.

மற்ற மாநிலங்களிலும் இப்படித்தானா?

ஏறக்குறைய. 2009-இல் ஒஹாயோ மாநிலம் மோரோ கவுண்ட்டி நகர நீதிமன்றத்தில் காகிதம் வாங்கப் பணமில்லை. புது வழக்குப் போடுபவர்கள் காகிதம் கொண்டுவந்தால்தான் மனுவை வாங்குவோம் என்றார்கள். கான்சஸில் நடந்தது அதைவிட ஆபத்தானது. நீதிமன்ற நிர்வாகத்தை மாற்றும் ஒரு சட்டத்தைக் கோர்ட் ரத்து செய்தால், நீதித்துறையின் நிதியே நின்றுபோகும் என்று 2015-இல் சட்டமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. அப்படியும் அந்த நிர்வாகச் சட்டத்தை அந்த வருட டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் ரத்துதான் செய்தது. நிதியை நிறுத்தும் பிரிவைச் சட்டமன்றம் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது.

மாசசூசெட்ஸில் ஏழைகளுக்காக வாதாடும் தனியார் வக்கீல்கள், அரசு தரும் மணிக்கு 65 டாலர் போதாது என்று 2025 மே மாதம் புது வழக்குகளை எடுக்க மறுத்தார்கள். அங்கே உள்ள விதிப்படி ஏழு நாளுக்குள் வக்கீல் கிடைக்காத கைதியை விடுவிக்க வேண்டும், 45 நாள் ஆனால் வழக்கையே தள்ளுபடி செய்ய வேண்டும். பலர் அப்படி வெளியே வந்தார்கள். ஆகஸ்ட்டில் ஊதிய உயர்வு கொடுத்தார்கள்.

கலிஃபோர்னியாவில் இப்போது நிலைமை என்ன?

2020-இல் கொரோனாவோடு மறுபடி வெட்டு வந்தது, அடுத்த வருடமே திருப்பித் தந்தார்கள். 2024-25 பட்ஜெட்டில் விசாரணை நீதிமன்றங்களுக்கு 9.7 கோடி டாலர் வெட்டினார்கள். 2025 ஜனவரியில் ஆளுநர் வைத்த முன்மொழிவில் அதில் 4.2 கோடியைத் திருப்பித் தருவதாக இருந்தது. வெட்டு வரும்போது போகும் அனுபவசாலி குமாஸ்தா, பணம் திரும்பும்போது திரும்பி வருவதில்லை. தனியார் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டிருப்பார். இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது.

என்னிடம் பணம் இல்லை, வழக்குப் போட வேண்டும். என்ன செய்வது?

விவாகரத்து மனுவுக்கும் 35,000 டாலருக்கு மேற்பட்ட சிவில் வழக்குக்கும் முதல் கட்டணம் 435 முதல் 450 டாலர் வரை. மெடி-கால் (மருத்துவ உதவி), கால்ஃப்ரெஷ் (உணவு உதவி) போன்றவை பெறுபவரோ குறைந்த வருமானம் உள்ளவரோ என்றால் எஃப்டபிள்யூ-001 என்ற படிவத்தை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள், கட்டண விலக்கு கேட்க அதுதான் வழி. ரிப்போர்ட்டர் வேண்டுமென்றால் அதையும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

அட்வான்ஸ் தராத வீட்டுக்காரர் மாதிரியான விஷயத்துக்குச் சிறு தொகை நீதிமன்றம் போதும். தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், கட்டணம் 30 முதல் 75 டாலர், இரு தரப்புக்கும் வக்கீல் வைக்க அனுமதி இல்லை. டிராஃபிக் அபராதம் கட்ட முடியவில்லை என்றால் மைசைட்டேஷன்ஸ் என்ற இணையச் சேவையில் வருமானத்தைச் சொல்லிக் குறைக்கக் கேட்கலாம். ஒவ்வொரு கவுண்ட்டி கோர்ட்டிலும் சுய உதவி மையம் இருக்கிறது. அங்கே வழக்கு நடத்தித் தர மாட்டார்கள், படிவத்தை நிரப்ப உதவுவார்கள். காலையிலேயே போங்கள். வக்கீல் தேடுபவர்கள் விளம்பரத்தைப் பார்த்து ஓடாமல், கவுண்ட்டி வழக்கறிஞர் சங்கத்தின் பரிந்துரைச் சேவையைக் கூப்பிடலாம். முதல் ஆலோசனைக்குச் சிறு கட்டணம்தான் இருக்கும்.

இலவசச் சட்ட உதவி அமைப்புகளும் உண்டு. வக்கீல்கள் கட்சிக்காரர் பணத்தை வைத்திருக்கும் கணக்கின் வட்டிதான் அவற்றின் வருமானத்தில் ஒரு முக்கியப் பகுதி. பொருளாதாரம் சரிந்தால் வட்டி விகிதம் விழும், அந்த நிதியும் விழும். உதவி கேட்பவர்களின் வரிசை நீளும் அதே நேரத்தில் இது நடக்கும். 2008-க்குப் பிறகு அப்படித்தான் ஆனது.

அம்மா அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. தமிழில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா?

கேட்கலாம். 2015 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி சிவில் வழக்குகளிலும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். நிதி போதவில்லை என்றால் குடும்ப வன்முறை போன்ற வழக்குகளுக்கு முன்னுரிமை. பஞ்சாபி மாதிரித் தேர்வு வைத்துச் சான்று தரும் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் என்ற பிரிவில்தான் வரும். ஆட்கள் குறைவு, தூரத்திலிருந்து வர வேண்டியிருக்கலாம். அதனால் ஐஎன்டி-300 (INT-300) படிவத்தில் முடிந்தவரை சீக்கிரம் கேளுங்கள். மகனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சொத்து வழக்கிலும் குடும்ப வழக்கிலும் வீட்டு ஆளுக்கே ஒரு பக்கம் இருக்கும்.

நான் குடியுரிமை பெறவில்லை. பட்ஜெட் விஷயத்தில் நான் பேச முடியுமா?

தாராளமாக. வரி கட்டுகிறீர்கள், கோர்ட்டைப் பயன்படுத்துகிறீர்கள். ஜனவரி 10-க்குள் ஆளுநர் பட்ஜெட் முன்மொழிவைத் தருவார். மே நடுவில் அதைத் திருத்தி மறுபடி தருவார். ஜூன் 15-க்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். ஜூலை 1-இல் புது நிதியாண்டு. பேச வேண்டிய காலம் பிப்ரவரியிலிருந்து மே வரை, ஜூனில் எழுதினால் காலம் கடந்துவிடும். பட்ஜெட் துணைக்குழுக் கூட்டங்களில் பொதுமக்களுக்கு நேரம் ஒதுக்குவார்கள். உங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதமும் எழுதலாம். பொதுவாக "கோர்ட்டுக்குப் பணம் கொடுங்கள்" என்று எழுதுவதைவிட, எந்தக் கவுண்ட்டி, என்ன வகை வழக்கு, மனு போட்ட தேதி, கிடைத்த விசாரணைத் தேதி, எத்தனை தடவை வேலைக்கு லீவு போட்டீர்கள் என்று எழுதுங்கள்.